கேசட்டில் கத்துவது நீ இல்லை, மச்சான்

என் பிரிய மச்சான் சவரிமுத்துவுக்கு,

இது முழுக்க என் கையெழுத்து. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. கோயில் பள்ளிக்கூடத்தில் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். ஒரு நாளைக்கு நான்கைந்து வரி எழுத வருகிறது. ஒரகடம் கூட்டுரோட்டில் வந்து நிற்கிற பஸ்ஸின் நெற்றியில் ‘தாம்பரம்’ என்று போட்டிருப்பதை நானே படித்துவிட்டு ஏறுகிறேன். கண்டக்டருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். இந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆனால் வீட்டுச் செய்தி நன்றாக இல்லை.

நீ போன நாற்பதாம் நாள், உன் குரலைக் கேட்கவேண்டும் என்று உன் மனைவி, என் தங்கை ஆரோக்கியம் உன் மேசையில் கிடந்த கேசட்டை டேப் ரிக்கார்டரில் போட்டாள். நீ பாடிய மாதா பாட்டு ஏதாவது இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். வந்தது பாட்டு இல்லை. கீச்சென்று ஒரு கத்தல். மூச்சு விடாத கத்தல். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணா, அது அவருதான். மோட்சத்துக்குப் போவ முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல வெந்துகினு கீறாரு. எனக்குக் கேக்குது.”

பக்கத்து வீட்டு லூர்து வேறு வாசலில் நின்றுகொண்டு, “ரேடியோ மெக்கானிக் ஆவி ரேடியோ பொட்டியிலதான வரும்” என்றான். அவனை என்ன செய்வது?

உன் மகள் மேரி கம்பெனியிலிருந்து வந்ததும் விஷயத்தை விளக்கினாள். “யம்மா, அது அப்பா கொரல் இல்ல. கம்ப்யூட்டருக்குப் புரியற எழுத்து. டிஸ்க் டிரைவ் வாங்க முடியல, அதான் சத்தமா மாத்தி கேசட்டுல வெச்சிருக்காரு.”

“எழுத்து எங்கனா கத்துமாடி?” என்று கேட்டாள் ஆரோக்கியம்.

இந்த வயதில் எழுத்துக்குப் பின்னால் அலைகிற நானும் கேசட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அன்று முதல் வெள்ளிக்கிழமை ஒருசந்தி தினமும் ஒருசந்தியாகிவிட்டது. ஒரு வேளைக் கஞ்சி, அதுவும் பாதி. சாயங்காலம் ஆனால் கேசட்டைப் போட்டு, ஜெபமாலை உருட்டிக்கொண்டே உன் கத்தலைக் கேட்கிறாள். அவள் கை எலும்பு தெரிகிறது, மச்சான். கல்லறைத் திருநாளன்று கேசட்டை உன் குழியிலேயே புதைக்கப்போகிறாளாம். அது மண்ணுக்குள் போய்விட்டால், நீ எரிகிறாய் என்று நம்பிக்கொண்டே அவளும் போய்விடுவாள். அதற்குள் நீ உன் கையால் கட்டிப் பாதியில் விட்ட கம்ப்யூட்டர் மிஷினை ஓடவைத்து, அந்தச் சத்தம் எழுத்துதான் என்று அவள் கண்ணுக்குக் காட்டவேண்டும். மேரியும் நானும் அப்படித்தான் முடிவு செய்தோம்.

மேரி கம்பெனியில் ஈயம் உருக்கி சால்டர் வைக்கிறவள், கை நடுங்காது. மிஷினில் மெமரி சிப்பு செருகுவது மட்டும்தான் பாக்கி. உன் டிராயரில் இரண்டு பொட்டலம் இருந்தது, ஒவ்வொன்றிலும் எட்டு. எல்லாம் கறுப்பு, எல்லாவற்றுக்கும் பதினாறு கால். பழைய போர்டுகளில் கழற்றியவை போல, மேலே இருந்த நம்பர் தேய்ந்துபோயிருந்தது. ஒரு ஜாதிக்கு மூன்று விதமான கரண்டு வேண்டுமாம், இன்னொன்றுக்கு ஒன்றே போதுமாம். நீ போர்டில் மூன்றுக்கும் வயர் இழுத்து வைத்திருந்தாய். ஜாதி மாறிப் போட்டால் கருகிவிடும் என்றாள்.

அவள் ஊசி மூக்குக் குறடால் கோணல் கால்களை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். “பொட்டலத்து மேல எதுனா எழுதிகீதா பாரு மாமா” என்றாள். ஒன்றில் எதுவும் இல்லை. மற்றதில் உன் பென்சில் எழுத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டிக் கூட்டிப் படித்தேன். “வேணும்னு போட்டுகீதும்மா.”

அவள் நம்பிவிட்டாள். எட்டையும் செருகி ஸ்விட்சைப் போட்டாள். சற்று நேரத்தில் ஒன்று பட்டென்று பிளந்தது. புகை வந்தது. மேரி பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள்.

“மாமா, இது வேணாம்.”

“வேணாம்னா கீழ வெச்சிட்டு வேற எடேன்.”

“ஐய, ‘வேணாம்’னு எழுதிகீது மாமா!”

எங்கள் வகுப்பில் ‘ணா’ என்றால் ணகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கால். உன் காலத்துப் பழைய எழுத்தில் அந்த ணகரத்தின் வாலையே கீழே சுழித்து எழுதுவார்களாம். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. சுழித்த வாலைப் பார்த்ததும் ‘ணு’ என்று படித்துவிட்டேன். உன் எழுத்தை, உன் மச்சான்.

எட்டு மெமரி போனது போகட்டும். அந்த வாசனைக்கு ஆரோக்கியம் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். “பாத்தியா? அங்க எரியறது இங்க வாட வருது.” மறுநாள் அந்தப் பாதிக் கஞ்சியையும் தொடவில்லை.

நேற்று சாயங்காலம் மேரி எழுதாத பொட்டலத்தைப் பிரித்துச் செருகினாள். புகை இல்லை. டேப் ரிக்கார்டரை வயரால் மிஷினோடு கோத்து, கேசட்டை ஓடவிட்டாள். கத்தல் வெளியே கேட்கவே இல்லை. நீ ரிப்பேர் பார்த்து வைத்த அந்தச் சின்ன டிவியில் வரி வரியாக எழுத்து ஏறியது. இங்கிலீசு. எனக்குத் தெரியாது, மேரிதான் படித்தாள். எந்த ரேடியோவில் எந்த டிரான்சிஸ்டர் போனால் எதை மாற்றிப் போடலாம் என்று நீ எழுதிய பட்டியலாம். நான் சிரித்துவிட்டேன்.

“ஆரோக்கியம், டிரான்சிஸ்டர் லிஸ்டுக்கா ஒருசந்தி இருந்த?”

அவள் முகம் இளகியது. நிஜமாகவே இளகியது, பார்த்தேன். மேரி கஞ்சி ஊற்ற எழுந்தாள். அப்போது எழுத்து நின்றுவிட்டது. கீழே ஒரே ஒரு வரி.

“இன்னாடி நின்னுடுச்சி? இன்னா சொல்து?”

மேரி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். “எடம் இல்லன்னு சொல்துமா.”

ஆரோக்கியம் டிவியையே பார்த்தாள். “எடம் இல்லியா? எங்க? அவரு எங்க போய் நிக்கிறாரு, எடம் இல்லன்றாங்க?”

இடம் இல்லாதது மிஷினின் மெமரியில்தான் என்று மேரி என்னென்னவோ சொன்னாள். பட்டியலை நீ மெட்ராஸில் சிநேகிதர் மிஷினில் அடித்துப் பதிந்தாயாம். அதில் இரண்டு வரிசை மெமரி, நம்மிடம் ஒரு வரிசைதான். இன்னும் எட்டு வேண்டும், மூன்று கரண்டு கேட்கிற அதே பழைய ஜாதி. ஆரோக்கியம் காதில் எதுவும் ஏறவில்லை. “பாதிதான வந்தாரு” என்றாள். கேசட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள். பழைய ஜாதி வருவதே நின்றுவிட்டது என்று நீ சாமான் வாங்கிவந்த கடைக்காரர் மேரியிடம் சொன்னாராம். எட்டும் கிடைக்காவிட்டால்?

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போகிறேன். ஒரு கடை விடமாட்டேன். உன் பட்டியலின் கடைசி வரி வரைக்கும் ஆரோக்கியத்தைப் பார்க்கவைப்பேன். உனக்கு இடம் உண்டு என்று அவளுக்குக் காட்டாமல் அந்தக் கேசட்டைக் குழிக்குள் இறங்க விடமாட்டேன், மச்சான்.

உன் ஆரோக்கியத்தின் அண்ணன்,
உன் மச்சான்
அந்தோணி