விதைப் பரணில் வைத்த பெட்டி

சேலம்
கார்த்திகை, 2003

மாதம்மாளுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். உன் மகளுக்குக் காது குத்திய நாளோடு நிறுத்திய பேச்சை இன்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்காக எடுக்க வேண்டியிருக்கிறது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அவசரமான காரியம் முதலில்.

நேற்று அப்புசாமி வந்திருந்தார். உங்கள் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவரும் லாரிக்காரர். ஆலையில் கிழங்கை இறக்கிவிட்டு, நான் பாடம் நடத்தும் பாலிடெக்னிக் வாசலில் டீ குடிக்க நிற்பார். நான் எதுவும் கேட்பதில்லை. அவர் எதையும் சொல்லாமல் போவதில்லை. “ஏனுங்க சார், உங்க மலையில பெரிய கூத்துங்க” என்று ஆரம்பித்தார். எனக்கு மலை ஏதுங்க என்றேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மிளகுச் சங்கத்துக்கு யாரோ இலவசமாகக் கம்ப்யூட்டர் கொடுத்ததும், அதை இயக்க உன் மகள் அருணாவை உட்கார வைத்ததும் எனக்கு முன்பே தெரியும். அடைமழையில் சங்கத்துக் கூரை ஒழுகியதால் பெட்டியை உன் வீட்டில் வைத்திருந்தாயாம். மழை விட்டு அப்புசாமிதான் லாரியில் எடுத்துப்போய்ச் சங்கத்தில் சேர்த்தாராம். அன்றிலிருந்து பத்து நிமிஷம் ஓடுகிறது, அணைந்துவிடுகிறது. கொஞ்சம் ஆறப்போட்டால் மறுபடி பத்து நிமிஷம்.

சங்கத்தின் செயலாளர் யார் என்று கேட்டேன். நம் பெரியப்பா மகன் செல்வம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் இல்லாத நாற்காலி அந்த மலையில் எது? “மதர்போர்டு அவுட்டு, ஹார்டு டிஸ்க் அவுட்டு. புள்ளைக கையில குடுத்தா இப்படித்தான் ஆவும்” என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருக்கிறான். வரும் சந்தை நாளன்று கூட்டம் போட்டு அருணாவை நிறுத்திவிட்டுத் தன் மகனை உட்கார வைக்கப் போகிறானாம். வேலை போனால் தையிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று உன் வீட்டுக்காரரும் சொல்கிறாராம். அந்த வேலையைக் காட்டித்தான் அந்தப் பெண் இதுவரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, தபால் வழியில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் அப்புசாமிக்குத் தெரிந்திருக்கிறது. லாரிக்காரருக்குத் தெரிவது தாய்மாமனுக்குத் தெரியக்கூடாது என்பதுதானே உங்கள் ஊர் நியாயம்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தால்தான் இந்தக் கடிதம். “பொட்டிய அந்தம்மா ஊட்டுப் பரண்ல இருந்துதானுங்க எறக்குனேன். கையெல்லாம் கரி. ஓட்டையிலெல்லாம் சீலைத்துணி அடைச்சிருந்துச்சு. புகைவாசம் அடிச்சுது சார், கொள்ளு வறுத்தாப்பல” என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஈரம் படக்கூடாது என்று பெட்டி கொண்டுவந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். நீ விதைக்குச் செய்வதைச் செய்திருக்கிறாய். பூச்சி போகாமல் துளைகளை அடைத்து, பனி ஏறாமல் அடுப்புக்கு மேலே புகையில் ஏற்றிவைத்திருக்கிறாய். கண்ணு, உன்னை நான் கேலி செய்யவில்லை. நம் வீட்டில் விதையைத் தவிர வேறு எதற்கும் அந்த இடம் கொடுத்ததில்லை. ஆனால் விதை தூங்கவேண்டிய பொருள். இது விழித்திருந்து வேலைசெய்யும் பொருள். மூச்சை அடைத்தால் வேலை நின்றுபோகும்.

இப்போது நான் சொல்வதை மெதுவாகப் படி. அருணாவுக்குப் பெட்டியை ஓட்டத் தெரியும். உள்ளே இருப்பதை யாரும் அவளுக்குத் திறந்து காட்டியிருக்கமாட்டார்கள். கூட்டத்தில் உட்காரும் பெரியவர்களுக்கும் தெரியாது. தெரியாததனால்தான் செல்வம் இரண்டு இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லிப் பயமுறுத்துகிறான்.

பெட்டிக்குள் நம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள். பிராசசர் என்பது அவள்தான். எந்த வேலையும் அவள் கை வழியாகத்தான் போகும். வேலை ஏற ஏற உடம்பு கொதிக்கும். அம்மா முந்தானையால் விசிறிக்கொள்வாளே, அதற்குத்தான் பிராசசர் தலைமேல் ஒரு சின்ன விசிறி. தானியம் கொட்டிவைக்கும் தொம்பையில் ஒரு வருஷத்துச் சாமை கிடக்கும்; அது ஹார்டு டிஸ்க். கரண்டு போனாலும் உள்ளே போட்டது போட்டபடி இருக்கும். ஆனால் உலை வைக்கும்போது ஒவ்வொரு பிடிக்கும் தொம்பைக்கு ஓடமுடியாது. வேண்டியதை முறத்தில் எடுத்து அம்மா பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அந்த முறம்தான் மெமரி. கரண்டு போனால் முறம் கவிழ்ந்துவிடும். அதனால்தான் வேலையை அவ்வப்போது தொம்பையில் சேர்த்துவை என்று அருணாவுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மதர்போர்டு என்று செல்வம் மிரட்டுகிறானே, அது இவையெல்லாம் உட்கார்ந்திருக்கும் தரை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் தடங்கள் அதில்தான் இருக்கின்றன. பின்பக்கம் வயர் சொருகும் கனத்த பெட்டி, ஓடைத் தண்ணீரை வயலுக்கு வயல் அளந்து திருப்பிவிடும் மடை. மேலே இருக்கும் டிவி போன்ற திரை வெறும் வாசற்கதவு. அதைத் தட்டித் தட்டிப் பார்த்தானாம் செல்வம். சோறு வேகவில்லை என்று கதவை அடிப்பவனை என்ன சொல்வது?

இனி கணக்குப் பார். தொம்பை உடைந்திருந்தால் தானியம் வந்திருக்காது. பெட்டி எழுந்து பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடியிருக்காது. தரை பிளந்திருந்தால் எழுந்தே இருக்காது. ஓடி, சூடேறி, நின்று, ஆறியதும் மறுபடி எழுகிறதென்றால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான். சூடு மீறினால் தன்னைக் காத்துக்கொள்ள அது தானே நின்றுவிடும். நம் அம்மாவுக்கு அந்தப் புத்தி இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விடட்டும். பக்கத்துத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினால் கதவு போலத் திறக்கும். உள்ளே தொடுவதற்கு முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காரக் கூடாது; கம்பளியில் உரசி உடம்பில் ஏறும் மின்சாரம் நமக்கு உறைக்காது, முறத்தைப் பொசுக்கிவிடும். அடைத்த துணி ஒரு நூல் மிச்சமில்லாமல் வெளியே வரவேண்டும். பிறகு பெயிண்ட் அடிக்கும் புதுப் பிரஷ் ஒன்றால், விசிறி, அதன் அடியில் இருக்கும் தகடுகள், பின்பக்கத்துத் துளைகள் எல்லாவற்றிலும் இருக்கும் கரியைத் தட்டி எடுக்கட்டும். வாயால் ஊத வேண்டாம். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். உனக்குக் கை பரபரக்கும் என்று தெரியும். சாணித்தண்ணீர் தெளித்துத் துடைத்துவிடாதே.

மெமரி ஒரு பச்சைப் பட்டை, சீப்பு மாதிரி நீளமாக நிற்கும். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் விலக்கினால் கையோடு வரும். அடியில் இருக்கும் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் நேராக வைத்து அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்று கேட்பாள். குழந்தைக்குக் கம்மல் போட்டுவிடுவதைப் போல. பயந்தாலும் ஏறாது, முரடாகத் திணித்தாலும் ஆகாது. சரியாக உட்கார்ந்தால் கொக்கி தானே வந்து பூட்டிக்கொள்ளும்.

கம்மல் என்று எழுதிய பிறகு மற்றதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அருணாவுக்காகச் சேலத்தில் கம்மல் வாங்கி வைத்திருந்தேன். மலைக்குக் கீழே போய்க் கீழ்நாட்டுப் பெண்ணைக் கட்டியவன் மடியில் பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது என்று ஊர் சொன்னது. ஊர் சொல்லும், ஊருக்கு வேறு வேலை என்ன. செல்வம் தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு பாயில் உட்கார்ந்தான். அவன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். நானும் அனுராதாவும் கூட்டத்தின் ஓரத்தில், விருந்துக்கு வந்த அசலூர்க்காரர்களைப் போல நின்றோம். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். ஊரை நான் எப்போதோ தள்ளிவிட்டேன் மாதம்மா. நீ தலைகுனிந்ததைத்தான் இன்னும் தள்ள முடியவில்லை. அந்தக் கம்மல் இங்கேதான் இருக்கிறது.

இதை ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால், அப்புசாமி கடைசியாக ஒன்று சொன்னார். அன்று அத்தனை பேர் முன்னாலும் செல்வம் கத்தியபோது, பெட்டியை என்ன செய்தாய் என்று கேட்டபோது, அருணா, “யாரும் ஒண்ணும் பண்ணல மாமா, நாந்தான் எங்கியோ தப்பா அமுத்திட்டேன்” என்றாளாம். நீ பக்கத்தில்தான் நின்றிருந்தாயாம். துணி அடைத்ததையும் பரணில் ஏற்றியதையும் அவள் சொல்லவே இல்லை. அம்மாவைப் பார்த்து நாலு பேர் சிரிக்கக் கூடாது என்று தன் தலையில் போட்டுக்கொண்டாள். அப்புசாமிக்கு வாய்வரை வந்ததாம். “நாம அசலூருங்க, அந்தம்மாவே சும்மா நிக்கும்போது நாம எதுக்குங்க” என்று வந்துவிட்டார்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சந்தை நாளுக்கு முன்பே பெட்டியைத் திருட்டுத்தனமாகச் சரிசெய்து வைத்துவிடாதீர்கள். கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் அருணா திறக்கட்டும். இது தொம்பை, இது முறம், இது மடை என்று நான் எழுதியபடி அவள் வாயால் சொல்லட்டும். சாமை விதைத்தவர்களுக்கு அது புரியும். செல்வத்தின் இங்கிலீஷைவிட நன்றாகவே புரியும். கரியைத் தட்டுமுன் நீ எழுந்து நில். துணி அடைத்தது நான்தான், விதையைப் போலக் காப்பாற்றத்தான் செய்தேன், பிள்ளைமேல் தப்பில்லை என்று சொல். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களில் யார் வீட்டுப் பரணில் விதை இல்லை?

தலைகுனிந்து நிற்பது உனக்குப் பழக்கம். இந்த ஒருமுறை வேண்டாம், சாமி.

அனுராதா இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, “ஏனுங்க, பொட்டியச் சரிபண்ண எழுதுனீங்களா, சண்டை போட எழுதுனீங்களா” என்று கேட்டாள். இரண்டுக்கும்தான் என்றேன். பஸ் ஏறிப் போய் நீங்களே திறந்து கொடுத்துவிட்டு வந்தால் ஆகாதா என்கிறாள். மலையடிவாரத்துக் காரவள்ளி வரை என் கால் வரும். அதற்குமேல் கூப்பிட்டால்தான் வரும். மேலும் நான் வந்தால் கூட்டம் என்னைப் பற்றிய கூட்டமாகிவிடும். அன்றைய பழைய வழக்கை எடுப்பார்கள். அருணா திறந்து, அருணா பேசி, அருணா சரிசெய்ததாகவே இருக்க வேண்டும்.

நீ எப்படி இருக்கிறாய்? பனிக்காலத்தில் உனக்கு இழுப்பு வருமே, இப்போதும் வருகிறதா? அடுப்புப் புகை உனக்கும் ஆகாது. பெட்டிக்குச் சொன்னது உனக்கும் சேர்த்துத்தான். கூரையில் கொஞ்சம் வழி விடச்சொல். உன் வீட்டுக்காரரிடம் தையைப் பற்றி நீயே பேசு. அருணா படிக்கட்டும். காதும் கழுத்தும் நிறைய, அவள் கேட்கும் காலத்தில் கேட்கும்படி எல்லாம் அமையட்டும். என் வாழ்த்து அவளுக்கு உண்டு. யாருடையது என்று அவளுக்குத் தெரியாவிட்டாலும் வாழ்த்து பலிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் பெயர் எழுத வேண்டும். ‘உன் அண்ணன்’ என்று எழுதினால், அந்தப் பாயை நான் மறந்துவிட்டதாக ஆகிவிடும்; மறக்கவில்லை. வெறும் பெயரை எழுதினால் அசலூர்க்காரன் எழுதியதாக ஆகிவிடும். அதற்கும் கை வரவில்லை. அம்மாவின் முறமும் முந்தானையும் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான் மிச்சம். அதில் ஒருத்தி இதைப் படிக்கிறாள். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போவார் என்பதால் அப்புசாமியிடமும் கொடுக்கப்போவதில்லை. கையெழுத்து இல்லாமலே, இப்படியே ஒட்டித் தபாலில் போடுகிறேன்.