ஜீயபுரம் வாய்க்கால் கரையில் மீன்கொத்திப் படத்துக்காகத் தோண்டிய குழி

அனுப்புநர்
க. சுபலட்சுமி, எம்.எஸ்சி.,
க/பெ. கலையரசன்,
வாய்க்கால் கரைத் தெரு,
ஜீயபுரம், ஸ்ரீரங்கம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: பறவைப் படம் எடுப்பதற்காக வாய்க்கால் புறம்போக்கில் குழி வெட்டி, கடை மீன்களை விட்டு, என் குழந்தையின் உயிருக்கு ஆபத்து விளைவித்த திரு. முரளிதரன் மீது நடவடிக்கை கோருதல் – குழியை உடனே மூடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ராத்திரி இவ்வளவு நேரம் கழித்து மின்னஞ்சல் அனுப்புவதற்கு மன்னிக்கவும். என் கணவருக்கு இரவு ஷிஃப்ட். பையன் தூங்கிய பிறகுதான் எனக்கு இரண்டு கையும் கிடைக்கின்றன.

எங்கள் கொல்லைக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நடுவில் வாய்க்கால் ஓடுகிறது. கரை மண்ணில் பொந்து வைத்து நீல மீன்கொத்திகள் குஞ்சு பொரிக்கும். பொங்கல் கழிந்ததும் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த பறவைப் புகைப்படக்காரர் திரு. முரளிதரன் தன் குழுவினரோடு வந்து, பொந்துக்கு எதிரே குழி வெட்டித் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பினார். பாலக்கரையில் வளர்ப்பு மீன் கடையில் வாங்கிய கருப்பு மோலி மீன்களை அதில் விட்டு, நடுவே ஒரு குச்சியை நட்டார். மீன்கொத்தி குச்சியில் உட்கார்ந்து மீனைப் பார்த்துப் பாயும். இவர்கள் பச்சைக் கூடாரத்துக்குள் இருந்து படம் எடுப்பார்கள். தார்ப்பாயின் நீல நிறம் படத்தில் விழக்கூடாதாம். அதனால் குழியின் ஓரம் முழுவதும் வாழைச்சருகைப் பரப்பி மறைத்தார்கள். பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். மிதித்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

என் மகன் இனியனுக்கு மூன்று வயது. வேடிக்கை பார்க்கப் போய் வேலி ஓரம் நின்று அவன் கத்தியதால், அவனைச் சும்மா இருக்க வைக்க, குழுவில் ஒருவர் ஒரு மோலியைப் பிளாஸ்டிக் டம்ளரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அவன் அதற்கு "குட்டிக் கருப்பு" என்று பேர் வைத்தான். அது தனியாக இருக்கிறதே என்று, போன சனிக்கிழமை காலை, நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டு, காலி டம்ளரோடு குழிக்குப் போய்விட்டான். இன்னொரு மீன் பிடித்து வர.

தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்த காளியாயி அக்காதான் டம்ளர் மிதப்பதைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடி வந்தார். அப்போது கூடாரத்தின் ஜன்னல் வழியே ஒரு கை மட்டும் வெளியே வந்து, சத்தம் போடாதே என்று சைகை காட்டியது. ஐயா, இதை நான் மிகைப்படுத்தவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த நானும் பார்த்தேன். என் பிள்ளையின் முகம் தண்ணீருக்குள் இருந்தது. காளியாயி அக்கா அவனைத் தூக்கித் தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு, "பொறியில எலி விழுந்த மாதிரி புள்ள விழுந்து கெடக்கான், நீங்க குருவிக்குச் சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு இருக்கீங்களாடா!" என்று கேட்டார். உள்ளே இருந்த குழுக்காரர் வெளியே வந்து சொன்ன பதில், லென்ஸில் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு எதுவும் தெரியவில்லை என்பது.

பையன் பிழைத்துக்கொண்டான். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது தலையில் தண்ணீர் ஊற்றினாலே வீடு அதிரக் கத்துகிறான்.

திரு. முரளிதரன் போனில் வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம். "பிள்ளையைப் பார்த்துக்க வேண்டியது நீங்கதாம்மா. நான் ஆப்பிரிக்காவில முதலைங்களுக்கு நடுவுல படம் எடுத்தவன். முழங்கால் தண்ணிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். அவருடைய முழங்கால் என் மகனுக்கு நெஞ்சு.

அந்த ஆப்பிரிக்கப் பயணத்தைப் பற்றி அவர் போட்டிருக்கும் வீடியோவைப் பிறகு முழுவதும் பார்த்தேன். ஏதோ ஒரு சதுப்புநிலக் காப்பகம். கூட்டுக்குப் பக்கத்தில் படகைக் கொண்டுபோக வழிகாட்டி மறுத்துவிட்டாராம். இரை போட விடவில்லையாம், படகிலிருந்து காலைக் கீழே வைக்கவும் விடவில்லையாம். "அந்த மண்ணை மதிக்கணுமில்லையா" என்று அவர் சிரித்தபடி சொல்கிறார். அங்கே அவ்வளவு மரியாதை தெரிந்த மனிதருக்கு ஜீயபுரத்து மண் மட்டும் ஏன் ஆகாமல் போனது என்று தெரியவில்லை.

பறவைக்காக எழுதுகிறேன் என்று தங்களிடம் பொய் சொல்லமாட்டேன். மகனுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் குழியைப் பற்றிச் சொல்லப் போன இடங்களில் எல்லாம் அது எங்கள் வேலை இல்லை என்றார்கள். பறவை தங்கள் வேலை. வெளிச்சம் வேண்டுமென்று பொந்தை மூடியிருந்த செடிகளை இவர்கள் வெட்டியதிலிருந்து, தாய்ப்பறவை மீனோடு வந்து உள்ளே போகாமல் திரும்பிப் போகிறது. பொந்துக்குள் கேட்டுக்கொண்டிருந்த குஞ்சுகளின் சத்தம் இப்போது இல்லை. இதையும் விசாரிக்க வேண்டுகிறேன்.

என் கணவர் குழி மேல் முள்ளை வெட்டிப் போட்டார். மறுநாளே அதை அகற்றிவிட்டு மறுபடி மீன் விட்டிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து அங்கேயே பயிற்சி முகாம் நடத்தப் போகிறார்களாம். ஞாயிறன்று ஸ்ரீரங்கத்தில் புகைப்படக் கண்காட்சி. அழைப்பிதழில் சிறப்பு விருந்தினராகத் தங்கள் பதவியைப் போட்டிருக்கிறார்கள். தங்களுக்கு இந்த விவரம் தெரிந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அந்த அழைப்பிதழின் அட்டையை மட்டும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். மீன்கொத்தியின் அலகில் மீன். கீழே "காவிரிக் கரையின் இயற்கை வாழ்வு" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மீன் கருப்பு மோலி. வாய்க்காலில் அப்படி ஒரு மீன் கிடையாது. அதன் ஜோடி என் சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் உயிரோடு இருக்கிறது. சாட்சிக்கு வேண்டுமென்றால் கொண்டு வருகிறேன். பையன் மட்டும் அழுவான்.

எனவே, சனிக்கிழமைக்கு முன் அந்தக் குழியைத் தங்கள் ஆட்கள் நேரில் பார்த்து மூடவும், முகாமைத் தடுக்கவும், திரு. முரளிதரன் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் வேண்டுகிறேன். கண்காட்சிக்குப் போவதும் போகாததும் தங்கள் விருப்பம். போவதாக இருந்தால், அதற்கு முன் ஜீயபுரம் வந்து அந்தச் சருகின் ஓரத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். காலை மட்டும் பார்த்து வையுங்கள்.

குழியின் படங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு, அழைப்பிதழ் இணைத்துள்ளேன். கொல்லைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போட்டே வைத்திருக்கிறேன். பையன் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தாழ்ப்பாள் திறக்கப் பழகிவிட்டான்.

பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள், ஐயா.

இடம்: ஜீயபுரம்
நாள்: 19.02.2025

இப்படிக்கு,
க. சுபலட்சுமி
(இனியனின் தாய்)