தலைமாட்டுக் கம்பு

மே 6, ராகலை

நுவரெலியாவில் பூக்கடை வைத்திருக்கும் றுமைஸா அக்கா கூடை பின்னக் கூப்பிட்டிருக்கிறார். தங்க அறையும் உண்டாம். ஓடையோரத்து வில்லோ மரக் கொப்புகளில் நான் பின்னிய மலர்வளையச் சட்டம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஆட்டுக்குக் குழை, பல்வலிக்குப் பட்டை, இந்த வருடம் போஞ்சிக்குக் கொம்பும் அதே மரம்தான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தது போதும் எனக்கு.

மாமியிடம் சொன்னேன். அவர் மகனை, என் புருஷன் ஜீவராஜைப் புதைத்து இன்னும் மூன்று மாதமாகவில்லை. மாமி ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டார்.

மே 9

ஐயோ! அவர் புதைகுழியின் தலைமாட்டில் அடையாளத்துக்கு நட்ட கம்பு துளிர்த்திருக்கிறது! கிட்டப் போய்ப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் பக்கத்து வீட்டுப் பொன்னையா மாமா முகத்துக்கு நேரே சொல்கிறார்: "ஒம் புருசன்தான் பூரணி. போகாதேன்னு மறிக்கிறான்."

மே 11

ஊர்ச்சனம் கம்புக்கு மஞ்சள் பூசி, ஊதுபத்தி கொளுத்திவிட்டார்கள். மாமியும் கும்பிடுகிறார். நிஜமாகவே மறிக்கிறாரா?

மே 17

போஞ்சிப் பாத்திக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கொம்பெல்லாம் துளிர்! ஓடிப்போய்த் தலைமாட்டுக் கம்பைப் பார்த்தேன் — அதே இலை. வில்லோ!

மாமியை இழுத்துவந்து காட்டினேன். "இங்க பாருங்க மாமி. இதுலயும் ஒங்க மகன்தான் நிக்கிறாரா?"

"தெரியும் புள்ள. நாந்தான் பச்சக் கம்பா பாத்து ஒடிச்சேன். காஞ்ச கம்பு ஒரு மழையில சாஞ்சிரும். எம்புள்ள படுத்திருக்க எடம் தெரியாமப் போயிருமே."

"அப்ப ஊரே கும்பிட்டப்ப ஏன் பேசாம இருந்தீங்க?"

"நீ நின்னுருவேன்னுதான். நீயும் போயிட்டா நா யாருகிட்டப் பேசுவேன்?"

அடப் பாவி மனுசி! இத்தனை நாள் நான் பயந்து செத்தேனே! கத்தினேன். பிறகு இரண்டு பேரும் பாத்தியிலேயே உட்கார்ந்து அழுதோம். ஆனாலும் போகத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 26

விடிந்ததும் மாமியைக் காணோம். சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன். மனம் ஆறவில்லை.

பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் மாமி, மடியில் துணிப்பை!

"என்ன முழிக்கிற? கூட பின்ற கொப்புக்குப் பட்ட உரிக்க ஆள் வேணுமாம். றுமைஸா புள்ளதான் போன்ல சொல்லுச்சு. உக்காரு."

கண்டக்டர் வந்தார். மாமியே இரண்டு டிக்கட் எடுத்தார்.