பதினான்காவது பிழை

ஜூன் 3, செவ்வாய்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினோரு வருடம். அதற்கு மேல் பொறுப்பவன் மனிதன் இல்லை, தூண்.

தூண் என்றதும் நினைவு வருகிறது. சந்தை மண்டபத் தூணில் இன்று காலை ஹாப்லோ வரலாற்றுச் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சனிக்கிழமைதோறும் டெஸ்மண்ட் பார்டோ நடத்தும் 'மூன்று கோட்டை உலா'வை அடுத்த ஆண்டும் அவரிடமே விடுவதா என்று இருபத்தொன்றாம் தேதி முடிவெடுக்கிறார்களாம். பொதுமக்கள் கருத்து எழுதலாமாம். பெயர் போட வேண்டிய கட்டாயம் இல்லையாம்.

இரண்டு முறை படித்தேன். வீட்டுக்கு வந்து பேனாவுக்கு மை நிரப்பினேன்.

பார்டோ முப்பது வருடம் தரைவிரிப்பு விற்றவர். நான் இருபத்துநான்கு வருடம் வரலாறு கற்பித்தவன். அந்த வேலைக்கு நாங்கள் இருவரும்தான் விண்ணப்பித்தோம். தேர்ந்தெடுத்தவர் சங்கத் தலைவர் கத்பெர்ட் ஓர்ம். அதற்கு முந்தைய வருடம் வரை அவர் என் தலைமையாசிரியர். ஓய்வு பெறும் முன் அவர் செய்த கடைசி நற்காரியம், வரலாற்றைப் புவியியலோடு சேர்த்து என்னை வீட்டுக்கு அனுப்பியது. உலா வேலையும் ஏன் எனக்கு இல்லை என்று கேட்டேன். "பிரேக்வெல், ஜனங்க கேக்காததையெல்லாம் நீங்க சொல்லுவீங்க" என்றார்.

கேட்காததைச் சொல்லத்தானே வழிகாட்டி?

அன்றிலிருந்து பிறர் எழுதும் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கச் சொல்லடைவு தயாரித்துப் பிழைக்கிறேன். பார்டோ சிவப்பு வெய்ஸ்ட்கோட் போட்டுக்கொண்டு என் ஜன்னலுக்குக் கீழே கையை ஆட்டிப் பேசுகிறார்.

கடிதத்தில் காழ்ப்பு துளியும் இருக்காது. பிழைகள் மட்டும். எண் போட்டு.

ஜூன் 5, வியாழன்

ஒரு சிக்கல். இந்த உலாவுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. அவர் எதிரே வந்தால் தெருவைத் தாண்டிவிடுவேன். ஜன்னல் வழியே காதில் விழுந்ததை வைத்து எழுதினால் ஓர்ம் சிரிப்பார். போய்த்தான் ஆகவேண்டும்.

உலாவுக்குச் சீட்டு விற்பது திருமதி க்வில்ட், என் ஜன்னலுக்கு நேர் கீழே சீஸ் கடை போட்டிருப்பவள். அவளிடம் என்ன சொல்லிச் சீட்டு வாங்குவது? "லண்டன்லேர்ந்து ஒரு சிநேகிதர் வர்றார்" என்றேன்.

"உங்களுக்கா? சிநேகிதரா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். "அப்படியே அவருக்கு ஒரு கோட்டைச் சீஸ் வாங்கிட்டுப் போங்களேன்."

கோட்டைச் சீஸ் என்பது கைக்கடக்கமான உருண்டை. மேலே ஒட்டிய தாளில் ஒரு நாயின் படம். உலா முடித்து வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்று வாங்கிப்போகிறார்கள். பத்து வருடமாக நான் அதைத் தொட்டதில்லை. பார்டோவின் ஏதோ கட்டுக்கதையை ஒட்டிய சரக்கு என்று மட்டும் தெரியும்.

ஜூன் 7, சனி

வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. யாருக்கும் தெரியாமல் ஒரு வெளியூர்க்காரனாகப் போய்வருவது திட்டம். படியிறங்கிப் பத்தடி வைக்கவில்லை.

"என்ன வாத்தியாரே, கண்ணுல கட்டியா?" திருமதி க்வில்ட்டின் குரல் சந்தை முழுவதற்கும் கேட்டது. மீன் கடைக்காரர் வேறு தன் தொப்பியைத் தூக்கி எனக்குக் காலை வணக்கம் சொன்னார்.

பார்டோ மட்டும் முகத்தில் எதையும் காட்டவில்லை. "வாங்க, வாங்க. எந்த ஊர்?" என்று கை குலுக்கினார். கிண்டலா, மரியாதையா? இன்னும் தெரியவில்லை. "லீட்ஸ்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற தம்பதி நிஜமாகவே லீட்ஸ். எந்தத் தெரு என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு கோட்டைகளைப் பார்த்ததைவிட அவர்களிடமிருந்து ஒளிந்ததுதான் அதிகம்.

ஆனாலும் கணக்குத் தவறவில்லை. ஊர்க்கோட்டையில் மட்டும் ஏழு பிழை. கைதிகளை இறக்கிவிட்டு மறந்துபோகும் பாதாளச் சிறை என்று அவர் காட்டியது கழிப்பறைக் குழி. எல்லோரும் பயபக்தியோடு குனிந்து மூச்சை ஆழ இழுத்துவிட்டார்கள். மதில்மேலிருந்து கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்களாம். மீன் பொரிக்கவே எண்ணெய் இல்லாத காலம்!

பிறகு வேன் ஏறிப் பெல்வர்டைன் கோட்டை. அகழியில் வாத்துகள். அரசர் இங்கே மூன்று இரவு தூங்கினார் என்றார். அந்த மாதம் அரசர் பிரான்சில் இருந்தார். டச்சுக்காரப் பெண்மணி ஒருத்தி, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தார் என்று கேட்டாள். "ஜன்னல் பக்கம்" என்றார் பார்டோ, இமைக்காமல். இவை எட்டு, ஒன்பது. எண்ணிக்கொண்டே போய்ப் பதின்மூன்றில் நிறுத்தினேன்.

மூன்றாவது வாட்டன் மேடு. அதைக் கோட்டை என்பது என்னைக் கால்பந்து வீரன் என்பதுபோல. மரத்தாலான கோட்டை மக்கி எண்ணூறு வருடமாயிற்று. மிச்சம் ஒரு புல்மேடும் முப்பது செம்மறியும். கூட்டத்தின் முகம் சுருங்கியது. அப்போது பார்டோ மேட்டின் உச்சியில் நின்றுகொண்டு தொடங்கினார்.

வேல்ஸ்காரர்கள் சுற்றி வளைத்து நாற்பது நாள். உள்ளே மிஞ்சியது ஒரே ஒரு பாலாடைக்கட்டி. சமையல்காரன் அதைப் பங்குபோடத் தூக்கும்போது கை வழுக்கி, அது மேட்டில் உருண்டு, வேலியில் இருந்த ஓட்டை வழியே எதிரிகளின் நடுவில் ஓட, பின்னாலேயே ஒரு நாயும் ஓடிக் கவ்விக்கொண்டது. "அதைப் பாத்த வேல்ஸ் தளபதி தலையில கைய வெச்சுட்டான். நாய்க்கே முழு சீஸ் போடுறானுங்கன்னா உள்ள இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சாப்பாடு கெடக்கும்? கெளம்புங்கடா வீட்டுக்குன்னுட்டான்!"

கைதட்டல். லீட்ஸ் தம்பதி அவருக்குச் சாக்லேட் கொடுத்தார்கள்.

வாட்டன் மேட்டை யாரும் முற்றுகையிட்டதே கிடையாது. ஒரு ஏட்டில் ஒரு வரி கிடையாது. வடிகட்டின பொய். பதினான்காவது பிழை இதுதான். கடிதத்தில் முதலில் வரப்போவதும் இதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

மூக்கு நுனி வெயிலில் தோலுரிந்துவிட்டது. நான்கு பக்கம் எழுதினேன்.

ஜூன் 12, வியாழன்

ஏழு பக்கம். நல்ல உரைநடை. நானே இரண்டு இடத்தில் சிரித்தேன்.

மாலையில் திருமதி க்வில்ட் மாடியேறி வந்தாள். மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டெஸ்மண்டப் பத்தியா?"

"பெயர் போடாத கடிதம். யார் எழுதினதென்று யாருக்கும் தெரியாது."

"பச்சை மையில எழுதுறவரு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா, வாத்தியாரே?"

அவளே தொடர்ந்தாள். பார்டோவை எடுத்துவிட்டால் அடுத்த ஆள் கிடையாதாம். ஆளே வேண்டாம் என்று சங்கம் பேசிக்கொள்கிறதாம். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி வாங்கப்போகிறார்கள். பொத்தானை அழுத்தினால் அது பேசும்.

"யாருடைய குரலில்?" என்று கேட்டேன்.

"வேற யாரு? ஓர்ம்தான். பதிவு பண்றதுக்குத் தொண்டைய இப்பவே சரிபண்ணிக்கிட்டிருக்காரு."

அவள் போனபின் பேனாவை மூடி வைத்தேன். உள்ளதை எழுதுகிறேன்: பார்டோ போனால் என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இருபத்தொன்றாம் தேதி எங்கும் போகாமல் வீட்டில் இருப்பது என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

சரி. அது வேறு வழக்கு. பிழை பிழைதான்.

ஜூன் 14, சனி

தேதிகளை மறுபடி சரிபார்க்கப் போனேன். தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை. எப்படியும் பயனில்லை.

மழை. ஊர்க்கோட்டையில் தூறல், பெல்வர்டைனில் சடசடவென்று. வாட்டன் மேட்டுக்கு வந்தபோது செம்மறிகளே ஒதுங்கி நின்றன. கூட்டத்தில் பிள்ளைகள் ஆறேழு பேர். ஒன்று அழத் தொடங்கிவிட்டது. "இதா கோட்டை? இது வெறும் புல்லு!" என்று இன்னொன்று. நியாயமான விமர்சனம்.

வேனிலிருந்து இறங்கியதும் பார்டோவின் முழங்கால் பிசகிவிட்டது. வேலியைத் தாண்டும் மரப்படியைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிரேக்வெல், நீங்க கூட்டிட்டுப் போங்க."

"நானா? அந்தக் கதையை நான் சொல்ல மாட்டேன். அது பொய்."

"உண்மையவே சொல்லுங்க, யாரு வேணாம்னா? சத்தமா மட்டும் சொல்லுங்க, பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

ஏறினேன். உச்சியில் நின்று, இது பன்னிரண்டாம் நூற்றாண்டின் மண்மேடு, மேலே மரக்கோபுரம் இருந்தது, அதைப் பற்றி வேறெதுவும் தெரியாது என்றேன். அது உண்மை. பதினெட்டு ஜோடிக் கண்கள் மழையில் என்னைப் பார்த்தன. அழுத குழந்தை இன்னும் உரக்க அழுதது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல். "சார்! நாய்க் கதை சொல்லுங்க சார்!"

முப்பத்தெட்டு வயதுப் பெண். இரண்டு குழந்தைகள் கையில். டாம்சின் பெடோஸ் என்றாள். ஏழாம் வகுப்பு, மூன்றாம் வரிசை, ஓயாத வாய். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அது பார்டோவின் கதை" என்றேன்.

"என்ன சார் சொல்றீங்க? நீங்க எங்களுக்குச் சொன்ன கதை! இதே எடத்துல! பஸ் நின்னுபோச்சு, சாண்ட்விச்செல்லாம் நனைஞ்சுபோச்சு, ஹ்யூ வாந்தி எடுத்தான். எல்லாரும் அழுதோம். நீங்க மேல ஏறி நின்னு சொன்னீங்க. டெஸ்மண்டோட பொண்ணு பெத்தன் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அவ போயி அவங்கப்பாகிட்டச் சொல்லியிருப்பா."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. பஸ் நினைவிருக்கிறது, வாந்தி நினைவிருக்கிறது. கதை? நானா? முப்பத்தொரு பிள்ளைகள், கொட்டும் மழை, அடுத்த பஸ் வர இரண்டு மணி நேரம்... அந்த நிலைமையில் மனிதன் எதைத்தான் சொல்லமாட்டான்?

"நாய் பேரச் சொல்லுங்க சார்! அதுதான் முக்கியம்!"

அப்போதுதான் எல்லாம் வந்தது. நல்ல பஸ் கேட்டுக் கெஞ்சியும், அரதப் பழைய வண்டி ஒன்றை எங்கள் தலையில் கட்டியவர் ஓர்ம். அந்தக் கோபத்தில் நாய்க்கு ஒரு பெயர் வைத்தேன். பேராசை பிடித்த, தொப்பை விழுந்த, எதிரியைக் கண்டால் வாலைச் சுருட்டும் ஒரு நாய். அதன் பெயர் கத்பெர்ட், அச்சாகத் தலைமையாசிரியரின் பெயர். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தரும் பள்ளியில் போய்ச் சொல்லவில்லை.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். சமையல்காரனாக வழுக்கினேன். பாலாடைக்கட்டியாக நானே நாலடி உருண்டேன், கால்சட்டை போயிற்று. "கத்பெர்ட், பிடிடா!" என்று கத்தினால் பிள்ளைகள் குரைக்க வேண்டும். குரைத்தார்கள். அழுத குழந்தைதான் எல்லோரையும்விட உரக்கக் குரைத்தது. பிறகு அத்தனை பிள்ளைகளும் மேட்டில் உருண்டார்கள். டச்சுக்காரர்களும் இருந்தால் உருண்டிருப்பார்கள். யாரோ என் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தார்கள்.

கீழே பார்டோ வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குரைக்கிறது இங்க வரைக்கும் கேட்டுச்சு. நாயக் கூப்பிட்டீங்களே, என்ன பேரு? காத்துல சரியா விழல. பெத்தனக் கேட்டா இன்னிக்கு வரைக்கும் சிரிக்கிறா, சொல்லமாட்டேங்கிறா."

"அப்படியானால் அது என் கதை என்று உங்களுக்குத் தெரியும்."

"மொத நாள்லேர்ந்து."

"பதினோரு வருடமாக என் பெயரைச் சொல்லவே இல்லையே!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா, இது பொய்னு நீங்களே ஏழு பக்கம் எழுதிப் போட்டுடுவீங்களோன்னு பயம்."

ஏழு பக்கம் என்று எப்படிச் சொன்னார்? திருமதி க்வில்ட்!

நாயின் பெயர் நினைவில்லை என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஜூன் 16, திங்கள்

ஏழு பக்கத்தையும் மறுபடி படித்தேன். இரண்டு இடத்தில் சிரித்திருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். எந்த இடங்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கோட்டைச் சீஸ் ஒன்று வாங்கினேன். திருமதி க்வில்ட் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவள் பட்ட பாடு! கடைசியில், "அந்த நாய்க்கு ஒரு பேரு இருந்தா நல்லாருக்கும், இல்ல?" என்றாள்.

உப்பு கொஞ்சம் அதிகம். மற்றபடி நல்ல சீஸ்.

ஜூன் 19, வியாழன்

கடிதம் நாளைக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஏழு பக்கத்தையும் மடித்து இந்த நோட்டுக்குள் வைத்துவிட்டேன். கிழிக்க மாட்டேன். பதின்மூன்று பிழைகள் பிழைகள்தான். கழிப்பறைக் குழி கழிப்பறைக் குழிதான். ஆனால் அவற்றைப் பார்டோவிடம் நேரில் சொல்வதாக இருக்கிறேன், சனிக்கு ஒன்று வீதம். பதின்மூன்று சனிக்கிழமை. முழங்கால் சரியாகும் வரை மேட்டில் ஏற அவருக்கும் ஆள் வேண்டும். நேற்று வழியில் பார்த்தபோது தெருவைத் தாண்டாமலே இதைச் சொன்னேன். "எண்ணெய்லேர்ந்து ஆரம்பிங்க, அது எனக்கே சந்தேகம்தான்" என்றார்.

புதுக் கடிதம் மூன்று வரி:

'உலா டெஸ்மண்ட் பார்டோவிடமே இருக்கட்டும். காதில் மாட்டும் கருவிக்குக் குரைக்கத் தெரியாது. ஒரே ஒரு திருத்தம்: வாட்டன் மேட்டு நாயின் பெயர் கத்பெர்ட்.'

உறைமேல் எழுதியாயிற்று: தலைவர், ஹாப்லோ வரலாற்றுச் சங்கம். வரும் கடிதங்களை ஓர்மே எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கூட்டத்தில் உரக்கப் படிப்பது வழக்கம். பார்டோ முன்வரிசையில் இருப்பார்.

மை பச்சைதான். வேறு மை வீட்டில் இல்லை. மூலைத் தபால் பெட்டியை ஐந்தரைக்கு எடுப்பார்கள். இப்போதே போய்ப் போட்டுவிடுகிறேன். கையெழுத்துப் போடவில்லை.