ஒரு ஷூவோடு உட்கார்ந்திருந்த படம்

என்னங்க,

தினமும் இவ்வளவு களைப்பாகவா நான் வீட்டுக்கு வருகிறேன்? நேற்று நீங்கள் எடுத்த என் படத்தைக் காட்டி, "எல்லாரும் எடுத்துக்கிற மாதிரி நெட்ல ஏத்தட்டுமா, சரிதா?" என்று கேட்டபோது எனக்குள் ஓடியது இதுதான். பதிலை எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

களி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. அவரைக்கொட்டைக் குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மாடி வீட்டுக் கன்னட டீச்சர் பழைய லேப்டாப்பைக் கொண்டுவருவார், லினக்ஸ் போட. "உங்க யஜமானரு கை பட்டா செத்த லேப்டாப்பும் எழுந்து உக்காருதாமே!" என்றார். என் வீட்டுக்காரரைச் சொன்னதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

படம் அழகுதான். ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மறந்து உட்கார்ந்திருக்கிறேன். நெற்றியில் கம்பெனித் தொப்பியின் எலாஸ்டிக் தடம். கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் அழித்திருக்கலாம். நீங்கள் அழிக்கவில்லை. என்னை இப்படி ஒருவரும் பார்த்ததில்லை.

நீங்கள் இப்படி நெட்டில் ஏற்றிய அணைப் படங்களை யார் யாரோ இலவசமாக எடுத்து அச்சிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்க முடியாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

சரிதா

ஸ்கூட்டர் சாவி டிவி மேல். கேமரா பேட்டரியை சார்ஜில் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று: கல்யாணப் படம், ரோஜாப் பண்ணையில் எடுத்தது என்று என்னுடைய வேறு எந்தப் படத்தை வேண்டுமானாலும் ஊருக்குக் கொடுங்கள். இது மட்டும் வேண்டாம். நம்மிடமே இருக்கட்டும்.