உடைந்த படக் கட்டம்

அம்மாவுக்கு உன் பெரியவளின் வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

ஆபீஸில் எச்.டி.எம்.எல். கற்றுத் தருகிறார்கள். நான் எழுதிய முதல் வலைப்பக்கத்தில் உன் படத்தைப் போட்டேன். படம் இருக்கும் இடமென்று என் கம்ப்யூட்டரின் முகவரியையே கொடுத்துவிட்டதால், என்னிடம் மட்டும் பளிச்சென்று சிரித்தாய். வகுப்பின் பெரிய திரையில் வெறும் உடைந்த கட்டம்தான் வந்தது. "என்னம்மா, உங்கம்மா உன்னை விட்டுட்டு ஓடிட்டாங்களா?" என்றார் பயிற்சியாளர். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் 'அம்மா ஓடிப்போனவள்'.

நேற்று, புதிதாகச் சேர்ந்த பெண் தன் அப்பா படத்தைப் போட்டுவிட்டு, "அக்கா, சரியா இருக்கா பாருங்க" என்றாள். அதே தப்பு. பார்த்தவுடனே தெரிந்தது.

"சூப்பரா இருக்கு, போய்க் காட்டு" என்றேன்.

திரையில் கட்டம் வந்ததும் முதலில் சிரித்தது நான்தான். இப்போது கேலியெல்லாம் அவளுக்கு. எனக்கு நிம்மதி.

ஒரு சின்ன உதவி. இனி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணு. என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்