விளம்பரத்தில் ஒரு கால்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

மாதா கோயிலில் கீபோர்டு பழுது. அங்கே பாடகர் குழு நடத்தும் சகாயம் அண்ணன் போன் செய்தார். "ரீட்டா, செகண்ட் ஹாண்ட்ல ஒண்ணு பாரும்மா. ஆன்லைன் விளம்பரமெல்லாம் உனக்குத்தான் பழக்கம்."

என்ன பழக்கம். போன வருடம் என் வீட்டுக்காரர் அருளின் கீபோர்டை விற்றேன். அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

பதினொரு விளம்பரம் பார்த்தேன். ஏழு டூப். அண்ணனுக்காகக் குறித்து வைக்கிறேன்:

– விலை பாதிக்கும் கீழே.
– "மிலிட்டரில இருக்கேன், டிரான்ஸ்ஃபர்." கேட்காமலே ஐடி கார்டு படம் வரும்.
– நேரில் பார்க்க விடமாட்டார்கள். இங்கே பிரேசர் டவுனிலிருந்து ஆட்டோவில் வருகிறேன் என்றால் போனை வைத்துவிடுகிறார்கள்.
– முன்பணம் அனுப்பினால்தான் கீபோர்டு ஏற்றிய வண்டி கிளம்புமாம்.

இன்று முழுக்க நான் வாய் திறந்து பேசியது இந்த ஆட்களிடம் மட்டும்.

ஜூலை 10, வியாழன்

வெயில். இன்னொரு விளம்பரம். படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டுப் பச்சை சோபா. அதன் முன்னால் அருளின் கீபோர்டு. கீழே ஓரத்தில் அவருடைய இடது கால், நீல ஹவாய் செருப்போடு.

நான் எடுத்த படம்தான். பக்கவாதத்தில் வலது கை போன பிறகு அவரே விற்கச் சொன்னார்.

"உங்க கால் விழுந்திருக்கு. தள்ளி உக்காருங்க, வேற எடுக்கறேன்."

"இருக்கட்டும் விடு. வாங்கறவன் அதையும் சேத்து எடுத்துட்டுப் போகட்டும்."

தொம்மலூர் மியூசிக் டீச்சர் ஒருத்தி வாங்கிப் போனாள். நாலே மாதத்தில் அவரும் போய்விட்டார்.

டீச்சருக்குப் போன் செய்தேன். "எங்கிட்டதான் இருக்கு ஆன்ட்டி. நான் எந்த விளம்பரமும் போடலையே."

ஆக, படம் திருட்டு.

ஜூலை 11, வெள்ளி

விளம்பர நம்பருக்குப் பேசினேன். ஆண் குரல், இந்தி. மிலிட்டரி, டிரான்ஸ்ஃபர், அதே பாடம். படத்தில் தெரிவது யார் கால் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, அப்பாவுடையது என்றான். அப்பா எப்படி இருக்கிறார்? நன்றாக இருக்கிறார், தினமும் வாக்கிங் போகிறார்.

பொய் என்று தெரியும். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். சாப்பாடு, தூக்கம். எல்லாம் நன்றாம்.

வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

அந்தத் தளத்தில் புகார் செய்தேன். மோசடி என்று எப்படித் தெரியும் என்று ஒரு கட்டம். 'அந்தக் கால் என் கணவருடையது' என்று எழுதினேன். அழித்தேன். 'படம் திருடப்பட்டது' என்று அனுப்பினேன்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். முன்பணம் எப்போது அனுப்புவீர்கள்? அந்த நேரத்தில் எனக்கு இந்தி வரவில்லை. தமிழிலேயே சொன்னேன்.

"அது எங்க வீட்டு சோபா. அது என் வீட்டுக்காரரோட கால். அவர் செத்துட்டார்."

வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"சாரி ஆன்ட்டி."

தமிழ். அப்புறம்தான் வைத்தான்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து அண்ணனோடு ஸ்ரீராம்புரம் போனேன். நிஜ ஆள், நிஜ கீபோர்டு. அண்ணன் எல்லாக் கட்டையையும் அழுத்திப் பார்த்து வாங்கினார். அங்கேயே ஒரு பாட்டு வாசித்தார். நான் வெளியே வந்து நின்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த விளம்பரம் நீக்கப்பட்டிருந்தது. கொஞ்சம் கீழே புதிதாக ஒன்று. வேறு பெயர், வேறு நம்பர், அதே படம். மறுபடி புகார் கொடுத்தாயிற்று.

இந்த முறை ஓரத்தை வெட்டியிருக்கிறான். சோபா இருக்கிறது. கால் இல்லை.